தன் கதையைத் தானே எழுதியவர்கள்

எங்களது யுத்தத்தைப் பற்றி மற்றவர்கள் எழுதிய புத்தகங்கள் ஏராளம். ஆனால் காணாமல் போன மகனைப் பற்றித் தாய் தானே சொல்லும்போது அதன் கனதியே வேறு. திருநங்கையரின் தன்வரலாறுகளையும் நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டிலேயே, ஆணுடலில் பிறந்து தன்னைப் பெண்ணாக உணர்ந்த ஒருவர், புனைபெயரில் தன் வாழ்க்கையை நூலாக்கினார். நியூயோர்க்கில் தன் போன்றவர்கள் தாக்கப்படுவதும் சிறையிலடைக்கப்படுவதும் நிற்கவேண்டும் என்பதே அவரது நோக்கம். ஆனால் அந்த நூலை மருத்துவர்கள், சட்டத்தரணிகள் போன்றோருக்கு மட்டுமே விற்றார்கள். பொதுசனத்தின் கைக்கு அது போய்ச் சேரவில்லை.

தமிழில் இந்தக் குரல் இந்த நூற்றாண்டில்தான் எழுந்தது. நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த ரேவதி, முதலில் தமிழ்நாட்டுத் திருநங்கையரைச் சந்தித்து அவர்களது அனுபவங்களை ‘உணர்வும் உருவமும்’ என்ற நூலாகத் தொகுத்தார். பிறகு தன் கதையை எழுதினார். வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2010இல் முந்திக்கொண்டு வர, தமிழில் ‘வெள்ளை மொழி’ 2011இல் வந்தது.

லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ 2007இல் வெளியானது. மொழியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர், புனே பக்கம் ரயில்களில் கையேந்த வேண்டியிருந்தது. அதைத் தழுவிய கன்னடப் படத்தில் நடித்த சஞ்சாரி விஜய் இந்தியாவின் தேசிய விருது பெற்றார். வித்யாவோ பின்னாளில், எங்களவர்கள் பலரைப் போலவே, சுவிற்சர்லாந்தில் தஞ்சம் கோரினார்.

வித்யாவின் பெரிய போராட்டங்களில் ஒன்று கடதாசியோடுதான். படிப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆளைப் பார்த்தால் வேறொரு பெயர். இதன் அர்த்தம் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்ற எங்களுக்கு விளங்கும். அடையாள அட்டையிலுள்ள முகத்துக்கும் நிற்கிற முகத்துக்கும் சிறு வித்தியாசம் இருந்தாலே என்ன நடந்தது என்பது சவளக்கடையிலும் கல்முனையிலும் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்களுக்கு யுத்தகாலத்தில் இருந்த அந்தப் பயம் அவர்களுக்கு வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை தேடும் இடத்திலும் தினமும் இருக்கிறது.

இத்தகைய எழுத்துகளும் போராட்டங்களும் வீண்போகவில்லை. 2008 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு திருநங்கையர் நலவாரியம் அமைத்தது. 2014 ஏப்ரல் 15இல் இந்திய உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தவரின் உரிமையை ஏற்றது. இலங்கையில் 2016இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை பாலின அங்கீகாரச் சான்றிதழுக்கு வழி திறந்தது. உளநல மருத்துவரின் மதிப்பீட்டுக்குப் பின் அது கிடைக்கிறது. அதைக் கொண்டு பிறப்புச் சான்றிதழில் பெயரையும் பாலையும் திருத்தலாம். பிறகு அடையாள அட்டையையும் மாற்றலாம். ஆனால் அலைந்து திரிவோரைத் தண்டிக்கும் 1841ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் போன்ற வெள்ளைக்காரன் காலத்துச் சட்டங்கள் அவர்களைத் துரத்தப் பயன்பட்டே வந்துள்ளன.

சட்டம் திருத்த முடியாத ஒன்றும் உண்டு. ரேவதியை முதலில் அடித்தது பொலிஸ் அல்ல, கூடப்பிறந்தவர்கள். வீட்டில் இடமில்லாமல் போனதால்தான் அவர் ஊரை விட்டுப் போனார். இடம்பெயர்ந்து அகதி முகாமில் படுத்தெழும்பிய எங்களுக்கு வீடு இல்லாமல் போவதன் வலி தெரியும். எங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்றை நாங்களே அப்படி அனுப்பலாமா?