யாருமே சரியா கவனிக்காத கச்சேரி; 60 வருஷம் தாண்டியும் கேட்கப்படுவது ஏன்?

நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதி. செவன்த் அவென்யூவிலிருந்து படியிறங்கினால், நிலத்தடியில் ஒரு சின்ன அறை. 1935 முதல் இதே இடத்தில் இயங்கும் 'வில்லேஜ் வான்கார்ட்' ஜாஸ் கிளப் இதுதான்.

1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. பியானோவில் பில் இவான்ஸ், டபுள் பேஸில் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸில் பால் மோஷன். மதியம் 2, இரவு 3 என மொத்தம் 5 முறை மேடையேறினார்கள். 'ரிவர்சைட்' நிறுவனம் அத்தனையையும் பதிவு செய்தது.

அப்படி என்ன புதுசு?

பொதுவா பியானோ ட்ரியோவில் பியானோதான் ஹீரோ. பேஸும் டிரம்ஸும் தாளத்தைப் பிடிச்சுக்கிட்டு பின்னாடியே வரும். இந்த மூவரும் அந்த வரிசையைக் கலைத்தார்கள். பியானோ ஒரு வரி வாசித்தால், லஃபாரோ பேஸில் பதில் சொல்வார். சில நேரம் குறுக்கே புகுந்து பேச்சையே வேறு பக்கம் திருப்புவார். மோஷன் தாளத்தை அடித்துச் சொல்லாமல், பிரஷ்ஷால் கோடிட்டுக் காட்டுவார். மூணு பேர் உரையாடுற மாதிரி இருக்கும்.

பதிவைக் கேட்டால் கிளாஸ் மோதும் சத்தம், பேச்சு சத்தம் எல்லாமே கேட்கும். வந்தவர்களுக்கு அது இன்னொரு ஞாயிற்றுக்கிழமை, அவ்வளவுதான்.

அடுத்த 11 நாள்

ஜூலை 6 அன்று கார் விபத்தில் லஃபாரோ இறந்தார். வயது 25. நொறுங்கிப்போன இவான்ஸ், பல மாதங்கள் மேடைப் பக்கமே வரவில்லை.

அந்த ஞாயிறின் பதிவுகளிலிருந்து முதலில் வந்தது 'சண்டே அட் தி வில்லேஜ் வான்கார்ட்' ஆல்பம். லஃபாரோவின் வாசிப்பு நன்றாகத் தெரியும் பதிவுகளாகப் பார்த்து அதில் சேர்த்தார்கள். அது தொடங்குவதும் முடிவதும் லஃபாரோ எழுதிய இசையில்தான். மீதியில் பெரும்பகுதி 'வால்ட்ஸ் ஃபார் டெபி' ஆனது.

நேர்ல போனா எதைக் கவனிக்கணும்?

முதலில் வரும் மெட்டை மனசுல வைங்க. பிறகு அதன் மேல் கற்பனையாக வாசிப்பார்கள். கடைசியில் மெட்டு திரும்பும். நடுவில் பியானோவை விட்டுட்டு, ஒரு பாட்டு முழுக்க பேஸை மட்டும் பின்தொடருங்க. யார் கேட்கிறார், யார் பதில் சொல்கிறார் என்பது அவர்கள் கண்ணிலேயே தெரியும்.

அப்புறம், போனை உள்ளே வைங்க. அதே வாசிப்பு அப்படியே இன்னொரு முறை வராது.