காந்தத்துக்கும் ஒளிக்கும் கீழ்ப்படியும் நுண்துகள்கள்

பாடசாலை நாட்களில் காந்தத் துண்டொன்றை மணலில் புரட்டியெடுத்து, அதில் ஒட்டிக்கொண்டு வரும் கறுப்புத் துகள்களைக் கண்டு வியக்காதவர் யார்? அதே இரும்பு ஒட்சைட்டைக் கொண்டு புற்றுநோயை எதிர்க்க விஞ்ஞானிகள் முயன்று வருகின்றனர். வேறுபாடு பருமனில்தான். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறே ஒரு நனோமீற்றர். இவர்கள் பயன்படுத்தும் துகள்கள் சில நனோமீற்றர்கள் அல்லது சில பத்து நனோமீற்றர்கள் மட்டுமே பருமன் உடையவை.

வெப்பம் புற்றுநோய்க் கலங்களை அழிக்கும் என்பது பழைய செய்தி. அயலிலுள்ள நல்ல கலங்களைச் சுடாமல் அதைச் செய்வது எப்படி என்பதுதான் சிக்கல். 1957 இல் அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் கில்கிறிஸ்ட்டும் குழுவினரும் ஒரு வழியைக் காட்டினர். காந்தத் துகள்களை உடலினுள் செலுத்தி, வெளியிலிருந்து விரைவாகத் திசைமாறும் காந்தப்புலத்தைக் கொடுத்தால், துகள்கள் உள்ள இடம் சூடாகும். புலம் திசைமாறும்போதெல்லாம் துகளும் திசைமாற முயல்கிறது. அந்த முயற்சியே வெப்பமாக வெளிப்படுகிறது.

ஜேர்மனியின் பேர்லின் நகரில் இம்முறை மூளைக் கட்டிகளுக்காக வளர்த்தெடுக்கப்பட்டது. 2010 இல் ஐரோப்பிய அனுமதியும் கிடைத்தது. கதிர்ச் சிகிச்சையுடன் சேர்த்து இதைப் பெற்ற நோயாளர் பற்றிய ஆய்வு 2011 இல் வெளியாகி நம்பிக்கையளித்தது. எனினும், இச்சிகிச்சை பெறாத ஒரு குழுவினரை அருகே வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வாக அது அமையவில்லை. சிகிச்சைக்கு முன் பற்களிலுள்ள உலோக நிரப்பல்களை அகற்ற வேண்டியிருந்தது. துகள்கள் தங்கியிருப்பதால், பின்னர் அவ்விடத்தை எம்.ஆர்.ஐ. படத்தில் தெளிவாகக் காணவும் இயலாது.

ஒளிக்குக் கீழ்ப்படிவது தங்கம். ஹூஸ்டன் நகரின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நயோமி ஹாலஸ், ஜெனிபர் வெஸ்ட் ஆகிய இரு பெண் விஞ்ஞானிகள், சிலிக்கா மணிகளுக்கு மெல்லிய தங்க ஓடு போர்த்தினர். தோலையும் தசையையும் ஓரளவு ஊடுருவும் செங்கீழ்க் கதிரை இவை உறிஞ்சிச் சூடாகின்றன. 2003 இல் எலிகளில் பலன் தெரிந்தது. 2019 இல் வெளியான அமெரிக்க ஆய்வில், புரஸ்ரேட் புற்றுநோயுள்ள 16 பேரில் 15 பேருக்கு இச்சிகிச்சை வெற்றிகரமாகச் செய்யப்பட்டது.

இந்தச் சூட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. சில பல்பகுதியங்கள் வெப்பம் பட்டதும் உருமாறும். நீரில் ஊறிய ஒருவகைக் களி சுமார் 32 பாகை செல்சியஸைத் தாண்டியதும் சுருங்கி, உறிஞ்சி வைத்த நீரை வெளியே தள்ளுகிறது. அதனுள் மருந்தையும் நுண்துகளையும் வைத்தால், வேண்டிய வேளையில் மருந்தை வெளிவிடச் செய்யலாம் என்பது எதிர்பார்ப்பு. வளைத்து வைத்த பிளாஸ்டிக்கை, உள்ளே கலந்த இரும்புத் துகள்களைக் காந்தப்புலத்தால் சூடாக்கி, பழைய உருவுக்குத் திருப்ப முடியும் என்பதை ஜேர்மன் விஞ்ஞானிகள் 2006 இல் காட்டினர்.

கத்தி படாமல் குணமாகும் என்றால் எந்தக் குடும்பத்துக்குத்தான் ஆசை வராது? ஆனால் துகளைச் சூடாக்குவது இலகு. அதைக் கட்டிக்குள் மட்டும் சேர்ப்பதே கடினம். இரத்தத்தில் செலுத்தப்படும் துகள்களில் பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே, வாசகர்களே, "நனோ சிகிச்சை" என்று எவரேனும் விளம்பரம் செய்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எத்தனை மனிதரில் சோதித்தார்கள்? எதனுடன் ஒப்பிட்டார்கள்? துகள்கள் பிறகு எங்கே போகின்றன? விடை கிடைக்கும் வரை, வைத்தியர் ஆரம்பித்த சிகிச்சையை இடையில் நிறுத்திவிடாதீர்கள்.