வரித்தலை வாத்து வந்தாச்சா?



முதலில் ஒரு விடுகதை.

தலையில் இரண்டு கறுப்புக் கோடு;
தாண்டி வந்தது இமய மேடு;
பாஸ்போர்ட் இல்லை, பையும் இல்லை;
மார்கழிக் குளமே அதற்கு வீடு. அது என்ன?

கண்டுபிடித்துவிட்டீர்களா? விடை, வரித்தலை வாத்து! 'பட்டைத்தலை வாத்து' என்றும் சொல்வார்கள். வெள்ளைத் தலையின் பின்பக்கத்தில் மை தீட்டியது போல இரண்டு கறுப்புப் பட்டைகள் இருக்கும். அதனால்தான் இந்தப் பெயர். உடம்பு சாம்பல் நிறம். அலகும் காலும் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறம். எடை 2 முதல் 3 கிலோ வரை. ஆணும் பெண்ணும் பார்ப்பதற்கு ஒன்று போலவே இருக்கும்.

நம் ஊரில் வயல் வரப்புகளில் ஓட்டிச் செல்கிறார்களே, அந்த வாத்தும் இதுவும் ஒன்றல்ல. இது காட்டு வாத்து. கழுத்து நீளம், உருவமும் பெரியது. மாடு மேய்வது போலப் புல்லை மேயும்! பகலில் குளத்துத் திட்டில் கூட்டமாக உட்கார்ந்து ஓய்வெடுக்கும். பொழுது சாய்ந்ததும் புல்வெளிக்கும் அறுவடை முடிந்த வயலுக்கும் கிளம்பிவிடும். பழைய நூல்களில் வரும் அன்னம் இந்தப் பறவைதான் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு.

எங்கிருந்து வருகிறது?

உலகப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்கு மேலே இமயமலை. அதற்கும் மேலே திபெத் பீடபூமி. இன்னும் வடக்கே போனால் மங்கோலியா. அந்தப் பகுதிகளில் உள்ள ஏரிக்கரைகளில்தான் இது கோடைக்காலத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. நம் நாட்டின் லடாக்கில் உள்ள உயரமான ஏரிகளிலும் குஞ்சு பொரிக்கும்.

குளிர்காலம் வந்தால் அங்கே ஏரிகள் உறைந்துவிடும். புல் பனிக்கு அடியில் மறைந்துவிடும். வாத்து என்ன சாப்பிடும்? அதனால் குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகத் தெற்கே புறப்பட்டுவிடும். இமாசலப் பிரதேசத்தில் உள்ள பாங் அணை நீர்த்தேக்கத்தில் பல ஆயிரக்கணக்கில் தங்கும். இன்னும் சில கூட்டங்கள் கர்நாடகம், தமிழ்நாடு வரைக்கும் வரும்.

தமிழ்நாட்டில் இதைப் பார்க்கப் பேர் பெற்ற இடம், திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில் உள்ள கூந்தன்குளம். 1994-ஆம் ஆண்டு அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இப்போது அதற்கு இடம் உண்டு. அந்த ஊர் மக்கள் பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. வீட்டுக் கொல்லை மரத்தில் நாரை கூடு கட்டினாலும் விரட்டுவதில்லை. "பறவை வந்தால் ஊருக்கு நல்லது" என்பார்கள்.

மூச்சு முட்டாதா?

இமயமலையைத் தாண்டுவது சாதாரண வேலையா? சுமார் 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதிதான். அங்கே நாம் நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்கும். இந்த வாத்தோ இறக்கையடித்துப் பறக்கிறது!

நம் இரத்தத்தில் இருப்பது போலவே அதன் இரத்தத்திலும் ஹீமோகுளோபின் இருக்கிறது. ஆனால், அது பிராணவாயுவை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். நுரையீரலும் பெரியது. பறப்பதற்கான தசைகளுக்குள் மெல்லிய இரத்தக் குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. மலையைத் தாண்டுவதற்கு இரவையும் விடியற்காலையையும்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியாக இருக்கும் அல்லவா? அதில் இறக்கையடிப்பது எளிது.

ஜெசிகா மீர் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி, இந்த வாத்துக் குஞ்சுகளைத் தாய் போல இருந்து வளர்த்தார். பிறகு அவற்றுக்குச் சிறிய முகமூடி மாட்டி, பிராணவாயு குறைந்த காற்றைச் சுவாசித்தபடி பறக்கப் பழக்கி ஆராய்ந்தார். அதே ஜெசிகா மீர் 2019-ஆம் ஆண்டு விண்வெளி நிலையத்துக்கே போனார்! வாத்தோடு பறக்கப் பழகியவர் விண்வெளிக்கும் பறந்துவிட்டார், பார்த்தீர்களா?

வாய்ப்பேச்சும் குறிப்பும்

இந்த வாத்து எவரெஸ்ட் சிகரத்துக்கும் மேலே பறக்கும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மலையேறிகள் சொன்ன கதை அது. விஞ்ஞானிகள் வாத்தின் மீது சிறிய கருவியைப் பொருத்தி அளந்தபோது, ஒரு வாத்து 7,290 மீட்டர் உயரம் வரை போனது பதிவாயிற்று. எவரெஸ்ட்டின் உயரமோ 8,849 மீட்டர்! பெரும்பாலான வாத்துகள் மலை இடுக்குகள் வழியாக, தரையை ஒட்டியே ஏறி இறங்கிப் பறக்கின்றன என்பதும் தெரிய வந்தது.

7,290 மீட்டரும் மலைக்க வைக்கும் உயரம்தான். ஆனால், வாயால் சொன்னதற்கும் அளந்து குறித்ததற்கும் எவ்வளவு வித்தியாசம், பாருங்கள்! பறவைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்குக் குறிப்பேடு வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

ஓர் ஆசிரியர் போட்ட வளையம்

பறவைகள் எங்கே போகின்றன என்பதைக் கண்டுபிடிக்க நல்ல வழி காட்டியவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர்! டென்மார்க் நாட்டில் வீபோர் என்ற ஊரில் இருந்த மார்ட்டென்சன் என்பவர் அவர். 1899-ஆம் ஆண்டு, நம் மைனாவுக்குச் சொந்தக்காரப் பறவைகள் 165-ஐப் பிடித்து, காலில் அலுமினிய வளையம் மாட்டிப் பறக்கவிட்டார். ஒவ்வொரு வளையத்திலும் ஓர் எண்ணும் ஊர்ப் பெயரும் இருந்தன.

வளையத்தை அவர் போட்டுவிட்டார். ஆனால், பறவை வேறு ஊருக்குப் போன பிறகு அதை யார் பார்ப்பார்கள்? அந்த ஊர்க்காரர்கள்தான் பார்த்து எழுத வேண்டும். அப்படி எழுதியவர்களால்தான் பறவைகளின் பாதை தெரிய வந்தது.

வரித்தலை வாத்துக்கும் இதே கதைதான். மங்கோலியாவில் விஞ்ஞானிகள் இதன் கழுத்தில் எழுத்தும் எண்ணும் உள்ள பட்டையை மாட்டி விடுகிறார்கள். அப்படிப்பட்ட வாத்துகளைத் தென்னிந்தியாவில் உள்ள பறவை ஆர்வலர்கள் பார்த்து எழுதியிருக்கிறார்கள். மங்கோலியாவில் ஒரு குறிப்பு, இங்கே ஒரு குறிப்பு. இரண்டையும் சேர்த்தால் பயணத்தின் இரு முனைகளும் கிடைத்துவிடுகின்றன!

மும்பையில் உள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நம் நாட்டில் பல ஆண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. 1883-ல் தொடங்கிய பழைமையான கழகம் அது. பறவை அறிஞர் சாலிம் அலி அங்குதான் பணியாற்றினார்.

குறிப்பேட்டில் என்ன எழுத வேண்டும்?

1. நாள், நேரம். 'காலையில்' என்று எழுதினால் போதாது, '6.40 முதல் 7.10 வரை' என்று எழுதுங்கள்.

2. இடம். குளத்தின் பெயர், ஊரின் பெயர், எந்தக் கரையில் நின்று பார்த்தீர்கள் என்பது.

3. எத்தனை? கூட்டம் பெரிதாக இருந்தால் முதலில் 10 வாத்துகளை எண்ணுங்கள். அந்தப் பத்தும் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று பாருங்கள். அதே அளவு இடம் எத்தனை இருக்கிறது என்று பார்த்துப் பெருக்குங்கள். பக்கத்தில் இருக்கும் நண்பனையும் தனியாக எண்ணச் சொல்லி ஒப்பிடுங்கள்.

4. என்ன செய்தது? மேய்ந்ததா, நீந்தியதா, தூங்கியதா? எந்தத் திசையில் பறந்தது?

5. கழுத்துப் பட்டையோ கால் வளையமோ இருந்ததா? எழுத்து, எண், நிறம் எல்லாவற்றையும் அப்படியே எழுதுங்கள். சரியாகத் தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதினால் மங்கோலியாவில் வேறொரு வாத்தின் கணக்கில் சேர்ந்துவிடும்!

ஒரு கணக்கு

விஜயநாராயணம் பெரிய குளம் கூந்தன்குளத்துக்குப் பக்கத்து வட்டாரம். ஒருநாள் காலையில் கூந்தன்குளத்தில் முருகன் 80 வாத்துகளை எண்ணினான். அன்று மாலை விஜயநாராயணத்தில் பாத்திமா 80 வாத்துகளை எண்ணினாள். மறுநாள் வேறொரு குளத்தில் ஜோசப்பும் 80 எண்ணினான் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் எத்தனை வாத்துகள்?

240 என்று அவசரப்படாதீர்கள்! அதே 80 வாத்துகள் குளம் விட்டுக் குளம் போயிருக்கலாம் அல்லவா? மூவரும் நாளையும் நேரத்தையும் எழுதியிருந்தால்தான் இந்தச் சந்தேகமே வரும். ஒரே நாள், ஒரே நேரத்தில் மூன்று குளத்திலும் எண்ணினால் சந்தேகம் தீரும். அதனால்தான் பறவைக் கணக்கெடுப்புக்கு நாள் குறித்து, எல்லாக் குளத்துக்கும் ஆட்களைப் பிரித்து அனுப்புகிறார்கள். ஆசியா முழுவதும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-லிருந்து ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்கிறது. அதில் நீங்களும் கலந்துகொள்ளலாம். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்து, பார்த்த பறவைகளை எல்லாம் எழுதினால் போதும். அப்பா, அம்மா அல்லது ஆசிரியரின் உதவியோடு 'ஈ-பேர்டு' என்ற இணையதளத்தில் பதிவு செய்துவிடலாம்.

வராவிட்டாலும் எழுதுங்கள்

ஒரு மாணவியின் குறிப்பேடு இப்படி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு பொங்கலன்று 45 வாத்துகள். இரண்டாம் ஆண்டு 38. மூன்றாம் ஆண்டு ஒன்றுமே எழுதவில்லை. ஏன்? வாத்து வரவில்லையா? அல்லது அவள் குளத்துக்கே போகவில்லையா?

வெற்றுப் பக்கத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அவள் குளத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, "நாமக்கோழி 12, நீர்க்காகம் 9, வரித்தலை வாத்து 0" என்று எழுதியிருந்தால், அந்தப் பூஜ்யம் எவ்வளவு பெரிய செய்தி! மழை பொய்த்ததா? குளத்தில் தண்ணீர் இல்லையா? கரையில் யாராவது குப்பை கொட்டினார்களா? பக்கத்துக் குளத்துக்குப் போய்விட்டனவா? அந்தப் பூஜ்யத்தைப் பார்த்த பிறகுதான் பெரியவர்கள் இதையெல்லாம் கேட்பார்கள்.

வாத்து வந்தால் ஓடி வந்து சொல்கிறோம்; வராவிட்டால் வாயே திறப்பதில்லை. எல்லாரும் அப்படியே இருந்தால், ஒரு குளத்துக்கு வாத்து வருவது நின்றுபோன ஆண்டு எது என்று ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும். "அந்தக் காலத்தில் நிறைய வரும்" என்று மட்டும் பேசிக்கொண்டிருப்போம். எத்தனை வரும், எந்த ஆண்டு வரை வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. 'இங்கே பறவையே வராது, குளத்தை மூடிவிடலாம்' என்று நாளைக்கு யாராவது சொன்னால், எடுத்துக் காட்ட உங்கள் குறிப்பேடு இருக்க வேண்டும்.

2020 டிசம்பர் இறுதியில் பாங் அணைப் பகுதியில் பறவைக் காய்ச்சல் பரவி, சில வாரங்களுக்குள் ஆயிரக்கணக்கான பறவைகள் இறந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை வரித்தலை வாத்துகள்தான். மனத்துக்கு வருத்தமான செய்தி இது. அங்கே ஆண்டுதோறும் எண்ணி வைத்திருந்த கணக்கு இருந்ததால்தான், எவ்வளவு பெரிய இழப்பு என்பதும், பிறகு வந்த ஆண்டுகளில் எத்தனை வாத்துகள் வந்தன என்பதும் தெரிந்தது.

கவனம்!

குளக்கரைக்குத் தனியாகப் போகக் கூடாது. பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பளபளக்கும் உடை வேண்டாம். கல் எறிவது, கத்துவது, படம் எடுப்பதற்காகக் கிட்டே போவது எதுவும் கூடாது. இரவெல்லாம் மேய்ந்துவிட்டு வந்த வாத்து பகலில்தான் ஓய்வெடுக்கிறது. நாம் விரட்டினால் மங்கோலியாவுக்குத் திரும்பச் சேர்த்து வைக்கும் கொழுப்பெல்லாம் வீணாகிவிடும். நோயுற்ற பறவையையோ இறந்து கிடக்கும் பறவையையோ தொடாதீர்கள். உடனே பெரியவர்களிடம் சொல்லி, வனத்துறைக்குத் தெரிவிக்கச் செய்யுங்கள்.

உங்களுக்கு ஒரு வேலை

உங்கள் ஊரில் வரித்தலை வாத்து வராமல் இருக்கலாம். பரவாயில்லை! கொக்கு வரும், நாமக்கோழி வரும், மீன்கொத்தி வரும். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு குளத்தையோ ஏரியையோ தேர்ந்தெடுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே கரை, அதே நேரம், அரை மணி நேரம் பாருங்கள். ஒரு பறவைகூட வராத நாளாக இருந்தாலும் நாளும் நேரமும் போட்டு '0' என்று எழுதுங்கள். வகுப்பில் நண்பர்களின் குறிப்பேடுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் வாத்துகள் வடக்கே திரும்பத் தொடங்கிவிடும். அதற்குள் பொங்கல் விடுமுறை வருகிறது. கரும்பு தின்ற கையைக் கழுவிவிட்டு, பென்சிலைச் சீவிக்கொண்டு கிளம்புங்கள்!