குழுவாகச் சேர்ந்தபின் தனி வரிசை இல்லை

மளிகைக் கடையில் நாள் முழுக்க பில் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இரவில் முதலாளி ஒவ்வொரு பில்லையுமா கேட்கிறார்? "அரிசி எவ்வளவுக்குப் போச்சு, பருப்பு எவ்வளவுக்குப் போச்சு?" என்றுதான் கேட்பார். இந்தக் கேள்வியை டேட்டாபேஸிடம் கேட்க எஸ்.க்யூ.எல். மொழியில் உள்ள கட்டளை 'குரூப் பை'.

தகவல்களை அட்டவணைகளாக வைத்துக் கையாளும் முறையை 1970இல் முன்வைத்தவர் ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட். அந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்க, அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் அறிமுகப்படுத்திய 'சீக்வல்' மொழியே பிறகு எஸ்.க்யூ.எல். ஆனது.

அட்டவணையில் ஐந்து வரிசைகள் இருக்கட்டும்: அரிசி 400, பருப்பு 250, அரிசி 600, எண்ணெய் 300, பருப்பு 150. பொருள்வாரியாகக் குழு பிரித்து, 'சம்' கொண்டு தொகையைக் கூட்டினால் விடை மூன்றே வரிசை: அரிசி 1000, பருப்பு 400, எண்ணெய் 300. இதற்காக டேட்டாபேஸ் எல்லா வரிசைகளையும் பொருள்வாரியாக அடுக்கிக்கொள்ளும். அல்லது பொருளுக்கொரு கணக்கைத் திறந்து, வரிசை வர வர அதில் கூட்டிக்கொண்டே போகும்.

புதியவர்கள் தடுமாறும் இடம் வடிகட்டுவது. 'வேர்' என்ற கட்டளை, குழு சேரும் முன்பே வரிசைகளை வடிகட்டும். 'ஹேவிங்' என்ற கட்டளை, சேர்ந்த பிறகு குழுக்களை வடிகட்டும். '350க்கு மேல்' என்பதை ஹேவிங்கில் வைத்தால் எண்ணெய் மட்டும் கழியும். வேரில் வைத்தால் பருப்பும் போய்விடும்; 250, 150 இரண்டுமே தனித்தனியாக 350ஐத் தாண்டவில்லையே!

மதிப்பே பதியாத 'நல்' கட்டங்களிலும் கவனம் வேண்டும். தொகை காலியாக உள்ள வரிசையை, நட்சத்திரக் குறி போட்ட 'கவுண்ட்' எண்ணிக்கையில் சேர்க்கும். தொகையின் சராசரி காணும் 'ஏவரேஜ்' சேர்க்காது.

சரி, அட்டவணையில் வாங்கியவர் பெயரும் இருந்து, பொருள்வாரியாகக் கூட்டும் வினவலில் அதையும் கேட்டால்? அரிசிக் குழுவில் இரண்டு பேர் இருக்கலாம்; யார் பெயரைக் காட்டுவது? மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் முன்பெல்லாம் ஏதோ ஒரு பெயரை எடுத்துக் காட்டிவிடும். 5.7.5 பதிப்பிலிருந்து, அமைப்பை நாமே மாற்றாதவரை, பிழை என்று சொல்லி நின்றுவிடுகிறது. தப்பான பெயரோடு வரும் அறிக்கையைவிட இந்தப் பிழைச் செய்தி எவ்வளவோ மேல்.