கடல் கடந்த கனவு வீடு: கணக்குப் பார்த்து வாங்குவோம்

கடை நிலைத்ததும் சொந்த வீடு கட்ட ஆசைப்படுவது வியாபாரிகளாகிய நம் இயல்பு. அந்த ஆசை இன்று துபாய் வரை போய்விட்டது. பெரிய ஓட்டல்களில் கண்காட்சி வைத்து, அழைப்பிதழை மண்டிக்கே அனுப்புகிறார்கள். ஒரு மூட்டை துவரம்பருப்பு வாங்கினாலும் குத்தூசி போட்டு மாதிரி பார்க்கிறவர்கள் நாம். கோடி ரூபாய் வீட்டைப் படத்தில் பார்த்து அட்வான்ஸ் கொடுக்கலாமா?

துபாயில் வெளிநாட்டவர் வீடு வாங்க 2002-இல் வழி திறந்தது. 2006-இல் வந்த சட்டம், குறிப்பிட்ட பகுதிகளில் முழு உரிமையோடு பதிவு செய்ய இடம் தந்தது. விலை மளமளவென்று ஏறியது. 2008-இல் உலகப் பொருளாதார நெருக்கடி வந்ததும் பாதியளவுக்குச் சரிந்தது. பல கட்டடங்கள் அஸ்திவாரத்தோடு நின்றன. நமக்குத் தெரிந்த மண்டிக்காரர் ஒருவர் அப்படி நின்ற ஒரு கட்டடத்தில் பணம் போட்டிருந்தார். தவணைக்காகக் கடை முதலை எடுத்தவர், சீசனில் சரக்குப் பிடிக்க முடியாமல் கடைசியில் கிட்டங்கியை விற்றார். வீடும் இல்லை, கிட்டங்கியும் இல்லை. அந்த நிலை இன்னொருவருக்கு வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

பணம் அனுப்பும் வழி

ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்பது நிலையான விகிதம். அதன்படி இது சுமார் 9 லட்சத்து 18 ஆயிரம் திர்ஹாம். பத்தாண்டு கோல்டன் விசாவுக்கு 20 லட்சம் திர்ஹாம் மதிப்புள்ள சொத்து வேண்டும். ஒரே ஆண்டில் அத்தொகையை அனுப்பக் குடும்பத்தில் மூன்று பேர் சேர வேண்டும். மூவரும் அந்த வீட்டுக்குப் பங்குதாரர்களாக இருக்க வேண்டும். இதற்கு நம் வங்கிகள் கடன் தரக்கூடாது. ஆகவே கைப்பணம்தான் போகும்.

2025 ஏப்ரல் முதல் உள்ள விதிப்படி, ஆண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகைக்கு வங்கி 20 சதவீத வரியை முன்கூட்டியே வசூலிக்கிறது. ஒரு கோடி அனுப்பினால் 18 லட்சம். வருமான வரியில் இதைக் கழித்துக்கொள்ளலாம். மீதியைத் திரும்பவும் பெறலாம். ஆனால் அதுவரை அந்தப் பணம் முடங்கும். சரக்குப் பிடிக்க வேண்டிய பணம் முடங்கினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

இதற்குப் பயந்து ஹவாலா பக்கம் போய்விடாதீர்கள். அன்னியச் செலாவணிச் சட்டப்படி தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் உண்டு. அங்குள்ள சொத்துக்கு ஈடாக இங்குள்ள சொத்தைக் கைப்பற்றவும் சட்டத்தில் இடமிருக்கிறது. வாங்கிய வீட்டை வருமான வரிக் கணக்கில் காட்டாவிட்டால், 2015-ஆம் ஆண்டு கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். அங்கே வாடகைக்கு வரி இல்லை என்பார்கள். இங்கே குடியிருக்கும் நாம் அந்த வாடகையையும் நம் வருமானத்தில் காட்ட வேண்டும்.

சொல்லாத செலவுகள்

விலைக்கு மேல் பதிவுக் கட்டணம் 4 சதவீதம். இருபது லட்சம் திர்ஹாம் வீட்டுக்கு 80 ஆயிரம் திர்ஹாம். தரகு தனி. வீடு பூட்டிக் கிடந்தாலும் சதுர அடிக் கணக்கில் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் உண்டு. ரூபாய் மதிப்பு இறங்க இறங்கத் தவணை நமக்கு ஏறிக்கொண்டே போகும்.

வாங்கத்தான் வேண்டும் என்றால் நேரில் போய்ப் பாருங்கள். துபாய் நிலத்துறையில் அந்தக் கட்டடம் பதிவாகியிருக்கிறதா என்று விசாரியுங்கள். கட்டி முடியாத வீட்டுக்கு, 2007 சட்டப்படி அமைந்த எஸ்க்ரோ கணக்கில் மட்டும் பணம் கட்டுங்கள். தரகர் கையில் கொடுக்காதீர்கள். நமக்குப் பின் பிள்ளைகள் அலையாமல் இருக்க உயிலையும் எழுதிப் பதியுங்கள். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அங்கே 2015 முதல் உயில் பதிவு மையம் இருக்கிறது.

வீடு வாங்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. முதலில் பேரேட்டை எடுத்து வைத்துப் பாருங்கள். சரக்குக் கடன் தீர்ந்து, அடுத்த சீசனுக்கு முதல் ஒதுக்கி, மகள் திருமணச் செலவும் போக மிஞ்சுவதுதான் கனவு வீட்டுக்கான பணம். கடை நின்றால் வீட்டைப் பிறகும் வாங்கலாம். வீட்டுக்காகக் கடையை இழந்தவர் மறுபடி கல்லாவில் உட்காருவது அரிது.