ரெண்டு தடவை கிளட்ச் மாத்தி 14,000 ரூபாய்: தப்பு யார் மேல?

1994-ல அப்பா ஆபீஸ் சொசைட்டி லோன் போட்டு வாங்கின மாருதி 800-ஐ மூணு வருஷம் முன்னாடி ரீஸ்டோர் பண்ணினேன். மொத்தச் செலவை ஒரு வீடியோல சொல்லி, கமென்ட்ல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். இது அந்த பட்ஜெட்லயே இல்லாத செலவு.

ஒழுங்கா ஓட்டினா ஒரு கிளட்ச் 50,000 கிலோமீட்டர் தாராளமா வரும். ரீஸ்டோர் பண்ணப்போ போட்ட புது செட் 7,000-லயே போச்சு. அடுத்தது 6,000. ஏற்காடு மலையில ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா இன்ஜின் சத்தம்தான் ஏறுது, வண்டி ஏறலை. ஒவ்வொரு தடவையும் கியர்பாக்ஸை இறக்கணும். கிட்டத்தட்ட 7,000 ரூபாய், அதுல பாதி லேபர். இன்சூரன்ஸ்ல தேய்மானத்துக்கு க்ளெய்ம் கிடையாது, ஜீரோ டெப் எடுத்திருந்தாலும்.

"கிளட்ச்ல கால் வச்சே ஓட்டுறாங்க சார்"னு மெக்கானிக் சொன்னார். அதிகம் ஓட்டுறது அப்பாதான். நானும் அவரைக் கத்திட்டேன். அவர் ஒண்ணும் சொல்லலை. சாவியை ஆணியில மாட்டிட்டு, மறுநாள்ல இருந்து பஸ்ல போக ஆரம்பிச்சார்.

ஆடிட்ல வவுச்சர் இல்லாம ஒரு ரூபாயைக்கூட ஒத்துக்க மாட்டேன். ஆனா முதல் தடவை கழட்டின பிளேட்டைக் காட்டுங்கன்னுகூட நான் கேட்கலை. ரெண்டாவது தடவை வேற மெக்கானிக்கிட்ட போனேன், வயசானவர். அவர் எதையும் கழட்டுறதுக்கு முன்னாடி கிளட்ச் பெடலைக் கையால அழுத்திப் பார்த்தார். முதல் ஒன்றரை, ரெண்டு சென்டிமீட்டர் எதிர்ப்பே இல்லாம இறங்கணுமாம். அதுக்குப் பேர் ஃப்ரீ பிளே. எங்க வண்டில அது சுத்தமா இல்லை.

கேபிள் அவ்வளவு டைட்டா இருந்தா, நீங்க காலை எடுத்தாலும் ரிலீஸ் பேரிங் ஸ்பிரிங்கை அழுத்திக்கிட்டே இருக்கும். பிளேட் முழுசா பிடிக்காம வழுக்கும், சூடாகும், தேயும். பிளேட் தேயத் தேய இருக்கிற கொஞ்ச ஃப்ரீ பிளேவும் குறையும், அதனால தேய்மானம் இன்னும் வேகமாகும். அதாவது யாரோ எந்நேரமும் பெடல்ல கால் வச்சிருக்கிற மாதிரிதான்.

கழட்டினதும் பிளேட்டைப் பார்த்தோம். ஆயில் ஊறியிருந்தா இன்ஜின் பின்பக்க சீல் லீக்கா இருக்கலாம். சீலை மாத்தாம புது பிளேட் போட்டா அதுவும் வீண். எங்களோடது காய்ஞ்சிருந்தது, ரெண்டு பக்கமும் சீரா ரிவெட் வரைக்கும் தேய்மானம். ஃபிளைவீல்ல சூடு பட்ட நீலத் திட்டு.

"கேபிளை யார் சார் இவ்வளவு டைட் வச்சது?"ன்னு கேட்டார்.

ரீஸ்டோர் பண்ணி வந்த முதல் வாரம், "பெடல் லூசா இருக்கு, கொஞ்சம் டைட் பண்ணுங்க"ன்னு சொன்னதே நான்தான். அப்புறம் செட் மாத்தினவரும் அந்த அட்ஜஸ்ட்மென்ட்டைத் தொடலை.

இந்த செட் இப்போ 18,000 கிலோமீட்டர் தாண்டிடுச்சு. ஒவ்வொரு சர்வீஸ்லயும் கேபிள் நட்டைப் பார்க்கச் சொல்றேன், அதுக்குத் தனி சார்ஜ் இல்லை. உங்க வண்டில சந்தேகம்னா, சமதளத்துல ஹேண்ட்பிரேக்கை நல்லா இழுத்து, நாலாவது கியர் போட்டு, கிளட்சை மெதுவா விடுங்க. இன்ஜின் ஆஃப் ஆனா கிளட்ச் பிடிக்குது. ஓடிக்கிட்டே இருந்தா வழுக்குது, உடனே நிறுத்திடுங்க. முன்னாடி யாரும் நிக்க வேண்டாம்.

அன்னைக்கு சாயங்காலமே அப்பாகிட்ட பில்லைக் காட்டி மன்னிப்பு கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு வரியா படிச்சவர், "லேபர்ல பேரம் பேசினியா?"ன்னு மட்டும் கேட்டார்.