சிறுவர் றக்பியும் மத்தியஸ்தரின் விசிலும்

றக்பி விளையாட்டு எமது நாட்டுக்குப் புதியதன்று. 1891 ஆம் ஆண்டில் கண்டி கிங்ஸ்வூட் கல்லூரியில் அறிமுகமான இவ்விளையாட்டில், பாடசாலைகளுக்கிடையிலான முதலாவது போட்டி 1906 ஆம் ஆண்டில் கிங்ஸ்வூட், திரித்துவக் கல்லூரிகளுக்கிடையே நடைபெற்றது. இன்றும் பருவகாலம் தொடங்கிவிட்டால் பெற்றோரும் பழைய மாணவர்களும் மைதானங்களை நிறைத்து விடுகின்றனர். ஆயினும், களத்தில் மோதிக்கொள்வோர் உடல் வளர்ச்சி முற்றுப்பெறாத பிள்ளைகள் என்பதை அந்த ஆரவாரத்தின் மத்தியில் நாம் மறந்து விடுகின்றோம்.

பிள்ளைகளுக்கென்று தனியான விதிகள் வகுக்கப்பட்டிருப்பதன் காரணம் இதுவேயாகும். சர்வதேச விதிகளின்படி, 19 வயதுக்குட்பட்டோர் போட்டியின் ஒரு பாதி 35 நிமிடங்களுக்கு மேற்படலாகாது. மேலதிக நேரம் வழங்கப்படுவதில்லை. 'ஸ்க்ரம்' எனப்படும் கூட்டுத் தள்ளலில், எதிரணியை ஒன்றரை மீற்றருக்கு மேல் தள்ளிச் செல்லவும் அனுமதியில்லை. ஸ்க்ரம் சரிந்தால் முன்வரிசை வீரரின் கழுத்தும் முள்ளந்தண்டும் பெரும் பாரத்துக்கு உள்ளாகும் என்பதே இக்கட்டுப்பாட்டின் அடிப்படையாகும்.

இவ்விளையாட்டின் பிறப்பிடமான இங்கிலாந்தில் இந்த ஏற்பாடு இன்னும் விரிவானது. அங்கு 7 வயதுக்குட்பட்ட சிறுவர்கள் அணிக்கு நால்வராகவே விளையாடுகின்றனர். எதிராளியை இழுத்து வீழ்த்தும் 'டெக்கிள்' அவர்களுக்கு இல்லை. இடுப்பில் தொங்கும் பட்டியைப் பறித்தாலே போதுமானது. 9 வயதுக்குட்பட்ட பிரிவிலேயே டெக்கிள் அறிமுகப்படுத்தப்படுகின்றது. வீரர் தொகையும் படிப்படியாக அதிகரித்து, ஆண் பிள்ளைகளின் ஆட்டத்தில் 14 வயதுக்குட்பட்ட பிரிவில் பதினைந்தை எட்டுகின்றது. அணியில் இடம்பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆட்ட நேரத்தில் அரைவாசியேனும் விளையாடும் வாய்ப்பு வழங்கப்படல் வேண்டும் என்பதும் அங்குள்ள விதியாகும். திறமையான சிலரை மாத்திரம் களமிறக்கி வெற்றி தேடும் போக்குக்கு இவ்விதி தடை போடுகின்றது.

விதிகள் மாறுவதற்குத் துயர சம்பவங்களும் காரணமாகியுள்ளன. 2011 ஜனவரியில் வட அயர்லாந்தில் நடைபெற்ற பாடசாலைப் போட்டியொன்றில், தலையில் அடிபட்ட பின்னரும் ஆட்டத்தைத் தொடர்ந்த 14 வயது மாணவன் உயிரிழந்தான். முதலாவது மூளையதிர்ச்சியிலிருந்து மீள்வதற்கு முன்னர் ஏற்பட்ட மற்றுமோர் அடியே மரணத்துக்குக் காரணமென 2013 இல் மரண விசாரணையில் தெரியவந்தது. மூளையதிர்ச்சி என்ற சந்தேகம் எழுந்தாலே வீரரை உடனடியாக வெளியேற்ற வேண்டும் என்பது இன்று அடிப்படை விதியாகவுள்ளது. பிரித்தானியாவில் 2023 இல் வெளியிடப்பட்ட வழிகாட்டலின்படி, அவ்வாறு வெளியேறியவர் 21 நாட்களுக்கு முன்னர் மீண்டும் போட்டியில் பங்குபற்ற இயலாது.

டெக்கிளின் உயரமும் இவ்வாறே குறைக்கப்பட்டது. இருவர் நிமிர்ந்த நிலையில் மோதும்போது தலையோடு தலை முட்டும் அபாயம் அதிகமாகும். இதனைக் கருத்திற்கொண்டு பிரான்ஸ் 2019 இல் தொழில்முறை சாராத போட்டிகளில் இடுப்புக்கு மேலான டெக்கிளைத் தடை செய்தது. இங்கிலாந்தும் 2023 ஜனவரியில் இதே முடிவை அறிவித்தபோது வீரர்கள், பயிற்றுநர்கள், மத்தியஸ்தர்கள் மத்தியில் பலத்த எதிர்ப்பு எழுந்தது. போதிய கலந்தாலோசனை இடம்பெறவில்லை என்பதே பிரதான குறைபாடாகக் கூறப்பட்டது. நிர்வாகம் மன்னிப்புக் கோரியதுடன், நெஞ்செலும்பின் அடிப்பகுதியை எல்லையாகக் கொண்ட விதியை அவ்வாண்டு ஜூலை முதல் சிறுவர் ஆட்டங்களிலும் நடைமுறைப்படுத்தியது. விதி எத்துணை நல்லதாயினும், அதனைக் களத்தில் கடைப்பிடிப்போரைக் கேளாது திணித்தல் ஆகாது என்ற பாடத்தை இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

அவ்வாறு கடைப்பிடிப்பதில் பெரும் பாரத்தைச் சுமப்பவர் மத்தியஸ்தரே. பந்தை ஏந்தி ஓடும் சிறுவன் கடைசிக் கணத்தில் தலையைத் தாழ்த்தினால், நெஞ்சுக்குக் கீழே குறிவைக்கப்பட்ட டெக்கிளும் தலையில் முடியக்கூடும். தவறு யாருடையது என்பதை அவர் நொடிப்பொழுதில் தீர்மானித்தாக வேண்டும். சிறு வயதினரின் ஆட்டத்திலோ அவர் தீர்ப்பளிப்பதுடன் நின்றுவிட முடியாது; விதியை விளக்கி, ஏன் விசில் ஊதப்பட்டது என்பதைப் பிள்ளைக்குப் புரியவைக்கும் ஆசிரியராகவும் இருத்தல் வேண்டும். தலையில் அடிபட்ட பிள்ளை 'எனக்கு ஒன்றுமில்லை' என்று கூறினாலும், அவனை வெளியே அனுப்பும் துணிவும் அவருக்கு வேண்டும்.

அந்தத் துணிவைக் குலைப்பவர்கள் பெரும்பாலும் எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கும் பெரியவர்களே. ஆட்டத்தை நிறுத்தும் ஒவ்வொரு விசிலுக்கும் கூச்சலிட்டு, தோல்விக்கு மத்தியஸ்தரைப் பொறுப்பாக்கும் வழக்கம் எமது மைதானங்களுக்கும் அந்நியமானதன்று. வசைமொழிக்கு அஞ்சும் மத்தியஸ்தர் விசில் ஊதத் தயங்குவார். அத்தயக்கத்துக்கான விலையைச் செலுத்துவது பிள்ளையேயாகும்.

எனவே, பருவகாலம் ஆரம்பிக்கும் முன்னரே விதி மாற்றங்களைப் பெற்றோருக்குத் தாய்மொழியில் எடுத்துரைக்கும் கடமை பாடசாலைகளுக்கு உண்டு. மத்தியஸ்தரின் தீர்ப்பை மதிக்கும் பண்பைப் பயிற்றுநர்கள் முதலில் தாம் கடைப்பிடித்துக் காட்ட வேண்டும். கேடயங்களை அடுத்த ஆண்டும் வெல்லலாம். தலையில் அடிபட்ட பிள்ளைக்கு அத்தகைய மறுவாய்ப்புக் கிடைக்கும் என்பதற்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை என்பதை நாம் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.